தேதி போன பிலிமும் என் அத்தையும்

என் பத்து வயதுப் புகைப்படங்கள் மூன்று இருக்கின்றன. ஒன்றில் நான் மேகமாக இருக்கிறேன். இன்னொன்றில் பாதி நானும் பாதி எதிர்வீட்டு ஆடும். ஆடு தெளிவாக விழுந்திருக்கிறது. மூன்றாவதில் முழுசாக இருக்கிறேன், ஆனால் உதடு கறுப்பு, ரிப்பன் கறுப்பு, நெற்றிப் பொட்டு கறுப்பு, வானம் மட்டும் துவைத்து நீலம் போட்ட வேட்டி மாதிரி பளீரென்று வெள்ளை. என் பெண் அதைப் பார்த்துவிட்டு, அந்த வயசிலேயே வெற்றிலை போட ஆரம்பித்துவிட்டாயா என்று கேட்டாள்.

மத்தியானச் சாப்பாட்டைக்கூடப் படம் எடுத்துவிட்டுத்தான் வாயில் வைக்கிற தலைமுறை அது. அவளுக்கு விளக்குகிற பொறுமை எனக்கு இல்லை. உங்களுக்குச் சொல்லலாம். கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டுக்கொண்டு அதையே வீடு முழுக்கத் தேடுகிற நம் கூட்டத்துக்கு ஒரு விஷயம் நன்றாகத் தெரியும்: அந்தக் காலத்தில் கேமரா வைத்திருந்தவனுக்குக் கேமரா பிரச்சினை இல்லை, பிலிம்தான் பிரச்சினை.

எங்கள் வீடு பிள்ளையார்பாளையத்தில். அப்பா பட்டு நெய்தார். அப்பாவின் தங்கையான அத்தையும், கடைசித் தம்பியான சித்தப்பாவும் எங்களோடுதான் இருந்தார்கள். சித்தப்பாவும் நெய்வார், ஆனால் அவர் தறியில் உட்கார்ந்திருக்கிற நேரத்தைவிட, தறியில் இருந்து எழுந்திருக்கக் காரணம் தேடுகிற நேரம் அதிகம் என்று அப்பா சொல்வார்.

அந்த வருஷம் அவருக்குக் கிடைத்த காரணம் கேமரா. சென்னையில் பழைய சாமான் விற்கிற ஒரு கடையில் வாங்கி வந்தார். சாப்பாட்டுத் தூக்கை நசுக்கிச் சதுரமாக்கின மாதிரி ஒரு கறுப்புப் பெட்டி. முன்னால் ஒரு கண்ணாடி வில்லை. மேலே பெருவிரல் அகலத்துக்கு ஒரு ஜன்னல்; அதில் குனிந்து பார்த்தால் எதிரில் இருப்பது தெரியும், ஆனால் இடம் வலம் மாறித் தெரியும். நான் முதலில் பார்த்தது தெருவில் போன மாட்டுவண்டி. தெருவில் அது கோயில் பக்கம் போய்க்கொண்டிருந்தது, பெட்டிக்குள் குளத்துப் பக்கம் போயிற்று. தலையைத் தூக்கி நிஜ வண்டியைப் பார்ப்பேன், குனிந்து பெட்டி வண்டியைப் பார்ப்பேன். வண்டிக்காரன் எங்கே போய்ச் சேர்ந்திருப்பான் என்று அன்றைக்கு ராத்திரிச் சாப்பாடு வரைக்கும் யோசித்துக்கொண்டிருந்தேன்.

கேமராவை விற்றவன் அதன் வம்சாவளி முழுக்கச் சொன்னானாம். அதற்குள் போடுகிற பிலிம் கிடைக்காது என்பதை மட்டும் சொல்லவில்லை. வைக்கோலே இல்லாத ஊருக்கு மாடு வாங்கி வந்த கதையாயிற்று. வெளிநாட்டு பிலிம் வரத்து நின்றுபோயிருந்தது. நம் நாட்டிலேயே செய்ய ஆரம்பித்துவிட்டார்கள் என்று பேப்பரில் போட்டிருந்தது. பேப்பர் காஞ்சிபுரத்துக்குத் தவறாமல் வந்தது, பிலிம் வரவில்லை.

கடைத்தெருவில் ஒரு ஸ்டுடியோ இருந்தது. அதன் சொந்தக்காரர், கையில் மிச்சமிருந்த சுருள்களைச் சாமி படத்துக்குப் பக்கத்தில் ஒரு தகர அலமாரியில் வைத்துப் பூட்டி, சாவியைப் பூணூலில் மாட்டாத குறையாக இடுப்பில் கட்டியிருந்தார். ஒன்று கொடுங்கள் என்று சித்தப்பா வாரா வாரம் போய் நிற்பார். நானும் கூடப் போய் நிற்பேன். ஸ்டுடியோக்காரருக்கு ஒரு வரிசை முறை இருந்தது: செத்தவர்களுக்கு முதலிடம், கல்யாணத்துக்கு இரண்டாமிடம், மற்றவர்கள் எல்லாம் வீட்டுக்குப் போகலாம்.

"செத்தவங்க மறுபடி ஒரு நாள் வந்து உக்கார மாட்டாங்கப்பா. கல்யாணம் பண்ணிக்கினவங்க எப்படியும் ஒரு தடவ சண்ட போட்டுக்கினு, சமாதானமா ஆயி, படம் எடுக்க வருவாங்க. உனுக்கு எதுக்கு பிலிமு?"

கோயில் கோபுரத்தை எடுக்கணும் என்றார் சித்தப்பா. கோபுரம் எங்கேயும் போயிடாது என்று ஸ்டுடியோக்காரர் சொல்லிவிட்டார். யோசித்தால் நியாயம்தான்.

பக்கத்துக் கிராமமான தாமலில் ஒருவர் பட்டாளத்தில் இருந்து திரும்பியிருக்கிறார், அவரிடம் இரண்டு சுருள் இருக்கிறது என்று யாரோ சொன்னார்கள். சைக்கிள் பாரில் துண்டைச் சுற்றி என்னை உட்காரவைத்துக்கொண்டு சித்தப்பா மிதித்தார். ஏரிக்கரையில் காற்று எதிரில் அடித்தது. என் பாவாடை பறந்து அவர் முகத்தில் விழ, இரண்டு பேரும் ஒரு முறை கரும்புத் தோட்டத்துக்குள் போய்விட்டு வந்தோம். பட்டாளக்காரர் நல்ல மனுஷர். மோர் கொடுத்தார். பெட்டியைத் திறந்து இரண்டு சுருளையும் கொண்டுவந்தார். ஈயத்தாள் பிரிந்திருந்தது. சித்தப்பா முகம் விழுந்துவிட்டது. இது எப்போது பிரிந்தது என்று கேட்டார்.

"நான்தாம்பா பிரிச்சேன். நீ அவ்ளோ தூரத்துல இருந்து வரப் போற, கெட்டுப் போயிருந்தா உனுக்குக் கஷ்டமாச்சேன்னு, காலையில வெயில்ல வெச்சி முழுசா நீட்டிப் பாத்தேன். ஒரு பூச்சி இல்ல. சுத்தமா இருக்குது."

வெளிச்சம் பட்டால் பிலிம் செத்துவிடும் என்பதை அவரிடம் சொல்ல சித்தப்பாவுக்கு மனசு வரவில்லை. ரொம்ப நன்றி என்று வாங்கிக்கொண்டார். ஒரு வருஷத்துக்கு நான் அந்தச் சுருளை வைத்துச் சூரிய கிரகணமும், கிரகணம் இல்லாத நாட்களில் சும்மா சூரியனும் பார்த்தேன். என் இன்றைய கண்ணாடியின் கனத்துக்கு அதுதான் காரணம் என்று கண் டாக்டரிடம் இதுவரை சொல்லவில்லை.

பிலிம் கடைசியில் கிடைத்த இடம் ஆஸ்பத்திரி.

பக்கத்து வீட்டுக்காரர் கை ஒடிந்து, சித்தப்பா துணைக்குப் போனார். எக்ஸ்ரே எடுத்துக் கையில் கொடுத்தார்கள். எலும்பு எங்கே ஒடிந்திருக்கிறது என்று எல்லோரும் பார்க்க, இவர் மட்டும் அந்தத் தாளையே தடவிப் பார்த்துக்கொண்டிருந்தாராம். இதுவும் பிலிம்தானே? எலும்பைப் பார்க்கிற பிலிம் ஏன் எருமையைப் பார்க்காது?

எக்ஸ்ரே அறையில் வேலை செய்தவர் தனியாள். நாளெல்லாம் இருட்டறையில் இருப்பதால் பேச ஆள் கிடைத்தால் விடமாட்டார். பெட்டியின் மேல் போட்டிருக்கிற தேதி தாண்டிவிட்டால் அந்த பிலிமைத் தூக்கிப் போட்டுவிடுவோம் என்று அவர் வாயில் இருந்து வந்தது. சித்தப்பா அப்போதே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார். தேதி போன ஒரு பெட்டிக்குப் பதிலாக எக்ஸ்ரேக்காரர் கேட்டது ஒன்றுதான்: ஊர் முழுக்க நான் படம் எடுத்திருக்கிறேன், என்னை இதுவரைக்கும் யாரும் எடுத்ததில்லை, மிஷினுக்குப் பக்கத்தில் நிற்க வைத்து என்னை ஒரு படம் எடுத்துக் கொடு.

எங்கள் வீட்டில் பட்டும் ஜரிகையும் வைக்க ஜன்னல் இல்லாத ஒரு சின்ன அறை உண்டு. வெயில் பட்டால் பட்டுக்குச் சாயம் போகும். அதுதான் இருட்டறையாயிற்று. பூஜ்ஜியம் வாட் பல்பைச் சுற்றிக் குங்குமக் கடைச் சிவப்புக் கண்ணாடித்தாளைக் கட்டினோம். அந்தச் சிவப்பு வெளிச்சம் மட்டும் இந்த பிலிமுக்குத் தெரியாது, ஆனால் நமக்குத் தெரியும். இந்த ஏற்பாடு எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது. வாத்தியாருக்கு ஒரு நிறம் தெரியாமல் இருந்தால் அந்த நிறத்தில் உட்கார்ந்துகொண்டு என்னவெல்லாம் செய்யலாம் என்று யோசித்தேன்.

சித்தப்பா பெரிய தாளைக் கத்தரியால் வெட்டி, கேமராவின் முதுகுக்குள் ஒரு துண்டு ஒட்டுவார். ஒரு துண்டுக்கு ஒரு படம். எடுத்ததும் மறுபடி அறைக்குள் ஓடிக் கதவைச் சாத்திக்கொள்ள வேண்டும். சிரப் பாட்டிலில் எக்ஸ்ரேக்காரர் கொடுத்தனுப்பிய மருந்தை அம்மாவின் பீங்கான் தட்டில் ஊற்றித் துண்டை அதில் முக்கி ஆட்ட வேண்டும். ஆட்டுவது என் வேலை. ஒன்றும் இல்லாத தாளில் முதலில் ஒரு கறை வரும், கறை சுவராகும், சுவருக்கு முன்னால் ஒரு ஆடு வரும். நான் எத்தனையோ முறை ஆட்டியிருக்கிறேன். ஒரு முறைகூட அது வருகிற நொடியைப் பிடிக்க முடிந்ததில்லை. கண் சிமிட்டுவதற்கு முன்னால் இருக்காது, சிமிட்டின பிறகு இருக்கும். அம்மா மட்டும் தட்டைப் பற்றியே கவலைப்பட்டாள். அதில் இனிமேல் எங்கள் இரண்டு பேருக்கு மட்டும்தான் சோறு போடுவேன் என்றாள். போட்டாள்.

பிலிமில் கறுப்பும் வெள்ளையும் இடம் மாறி இருக்கும்; ஸ்டுடியோக்காரர் அதைப் போட்டோத்தாளில் போட்டுத் திருப்பிக் கொடுத்தால்தான் படம். படங்கள் வரவரத்தான் இந்த பிலிமின் குணம் புரிந்தது. அதற்குச் சிவப்பு என்றால் ஆகாது. சிவப்பு எல்லாம் கறுப்பாயிற்று. கோயில் மதிலின் காவிப் பட்டை கறுப்பு, தபால் பெட்டி கறுப்பு, வெற்றிலை போட்ட எக்ஸ்ரேக்காரர் மிஷின் பக்கத்தில் சிரித்தால் வாய்க்குள் இருட்டு. நீலத்தை மட்டும் அது வெள்ளை என்று சாதித்தது.

சித்தப்பாவும் நானும் விடவில்லை. அறையில் இருந்த பட்டு நூல் கண்டுகளை ஒரு கழியில் வரிசையாகத் தொங்கவிட்டுப் படம் எடுத்தோம். அரக்கு, மாம்பழ மஞ்சள், கிளிப்பச்சை, மயில் கழுத்து, கத்திரிப்பூ. படத்தில் அரக்கும் பச்சையும் ஒரே கரி. மாம்பழம் அழுகிப் போயிருந்தது. மயில் கழுத்து பாதி வெளுத்தது. கத்திரிப்பூ மட்டும் முழுக்க வெளுத்து, மேகம் மாதிரி வந்தது. அப்பா அதைக் கையில் வாங்கிப் பார்த்தார். ஆயுசு முழுக்க அரக்குக்கும் குங்குமச் சிவப்புக்கும் நடுவில் இருக்கிற மயிரிழை வித்தியாசத்துக்காக சாயக்காரரோடு சண்டை போட்டவர் அவர்.

"அல்லாத்தயும் கொளுத்திப்புட்டு சாம்பலப் படம் எடுத்துக்கினு வந்துக்கிறான்" என்று திருப்பிக் கொடுத்தார்.

ஆனால் எனக்கு அது சாம்பலாகத் தெரியவில்லை. தெருவில் நடக்கும்போது கண்ணில் படுவதை எல்லாம் பிலிம் எப்படிப் பார்க்கும் என்று மனசுக்குள் மாற்றிக்கொண்டே போவேன். கனகாம்பரம் வைத்தவள் கரித்துண்டு வைத்திருப்பாள். மிளகாய் காயப்போட்ட முற்றம் எள் காயப்போட்ட முற்றம். பள்ளிக்கூடத்துத் தலைமையாசிரியர் நீலச்சட்டையில் வந்தால் கைம்பெண் கோலம். இப்படி யோசித்துத் தனியாகச் சிரித்ததில் சிலர் என்னைப் பற்றிக் கவலைப்பட்டார்கள்.

இந்த நேரத்தில்தான் கல்யாணத் தரகர் வந்தார்.

அத்தையைப் பற்றிச் சொல்லவேண்டும். அத்தைக்கு இருபத்தாறு. எங்கள் தெருக் கணக்கில் அது கிட்டத்தட்டப் பாட்டி வயசு. நிறம் கறுப்பு, வாய் அதைவிட. வந்து பார்த்துவிட்டுப் போன மாப்பிள்ளை வீடுகள் எல்லாம் பஜ்ஜியைப் பாராட்டிவிட்டுப் போயின. ஒவ்வொரு முறை போனதும் அப்பா ரெண்டு நாளைக்குத் தறியை விட்டு எழுந்திருக்கமாட்டார். அத்தை ராட்டை முன்னால் உட்கார்ந்து நூல் சுற்றிக்கொண்டே, அந்த மாப்பிள்ளை எப்படிக் காபியை ஊதிக் குடித்தான் என்று நடித்துக் காட்டுவாள். நாங்கள் சிரிப்போம். ராட்டை அன்றைக்குக் கொஞ்சம் வேகமாகச் சுற்றும் என்பதை நான் கவனித்திருக்கிறேன். அதற்கு அர்த்தம் உண்டு என்பது ரொம்ப நாள் கழித்துத்தான் தெரிந்தது.

இந்த முறை இடம் ஆரணியில். அவர்களும் நெசவு. பையன் தங்கமானவன், ஆனால் ஒரு நிபந்தனை என்றார் தரகர்: முதலில் போட்டோ வேண்டும். பிடித்தால் வருவார்கள். இப்போது எல்லோரும் அப்படித்தான் கேட்கிறார்கள். அத்தை உள்ளேயிருந்து, நல்லதாப் போச்சு, பஜ்ஜி மாவு மிச்சம் என்றாள்.

ஸ்டுடியோ அலமாரி காலி. அந்த மாதம் ஊரில் சாவு அதிகம். வேறு வழியில்லாமல் அப்பாவே சித்தப்பாவிடம், நீயே எடு என்றார். சித்தப்பா அன்றைக்கு நடந்த நடையைப் பார்க்க வேண்டும்.

முதலில் அம்மாவின் முகூர்த்தச் சேலையை, அரக்கு, கட்டிவைத்து எடுத்தோம். கழுத்துக்குக் கீழே ஒரே இருட்டுக் குழி. பிறகு கத்திரிப்பூ கலர் சேலை. முகத்துக்குப் பவுடர். சுண்ணாம்பு அடித்த சுவர் பக்கமாக வெயிலில் திருப்பி நிறுத்தினோம். அத்தையின் ரவிக்கையில் மேல் கொக்கி எப்போதும் இருக்காது. அதற்குப் பதில் ஒரு ஊக்கு. அதையும் தலைகீழாகத்தான் குத்துவாள், கேட்டால் நேராகக் குத்தினால் குனியும்போது கழன்றுவிடுகிறது என்பாள். முந்தானையை இழுத்து அதை மறைத்தேன். படம் அருமையாக வந்தது. சேலையின் உடல் வெளிர், கரை கறுப்பு. அப்படி ஒரு சேலையைக் காஞ்சிபுரத்தில் யாரும் நெய்ததில்லை. அப்பா ரொம்ப நேரம் பார்த்தார். தங்கையை அல்ல, சேலையை. இது யார் தறி என்று கேட்டார்.

தரகர் படத்தை வாங்கிக்கொண்டு போனார். துண்டு பிலிம்களை எல்லாம், அரக்குச் சேலை, கத்திரிப்பூச் சேலை, சாய்ந்தது, ஆடியது என்று அத்தனையையும், கிணற்றடிக் கொடியில் கிளிப் போட்டு சித்தப்பா காயவிட்டிருந்தார்.

அதற்கடுத்த வாரம் ஒரு பெரியவர் எங்கள் வீட்டு வாசலில் வந்து, ஜரிகை விலை விசாரிக்க வந்தேன் என்றார். அப்பாவும் சித்தப்பாவும், நெய்யப் பட்டு கொடுக்கிற முதலாளி வீட்டுக்குப் போயிருந்தார்கள். அம்மா உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்து மோர் கொடுத்தாள். பெரியவர் கண், ஜரிகை தவிர எல்லா இடத்துக்கும் போயிற்று. கடைசியில் கிணற்றடிக் கொடியில் போய் நின்றது. எழுந்து கிட்டே போனார். நீலச்சாயல் அடிக்கிற தாள்கள் காற்றில் ஆடின. அம்மாவுக்குப் பெருமை தாங்கவில்லை.

"அல்லாம் எங்க நாத்தனார் படம்தாங்க. ஆஸ்பத்திரி பிலிமு. மாசக் கணக்கா இதே வேலையாத்தான் இருக்கிறாங்க."

பெரியவர் அரக்குச் சேலை விழுந்த பிலிமை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பார்த்தார். பிறகு தோளில் இருந்த துண்டை எடுத்து மூக்கையும் வாயையும் மூடிக்கொண்டார். வெயில் தாங்கவில்லை போலிருக்கிறது என்று நான் நினைத்தேன். மோரைத் தொடவில்லை. உடம்பைப் பாத்துக்கங்கம்மா என்று சொல்லிவிட்டு வேகமாகப் போய்விட்டார். என்ன நல்ல மனுஷர், ஜரிகை வியாபாரியே இப்படி இருந்தால் என்று அம்மா சாயங்காலம் வரைக்கும் சொல்லிக்கொண்டிருந்தாள். மோரை நான் குடித்தேன்.

தரகர் திரும்பி வந்தபோது வாசலிலேயே நின்றார். உள்ளே வரவில்லை. குரலைத் தாழ்த்தி அப்பாவிடம் ஏதோ சொன்னார்.

அந்தப் பெரியவர் மாப்பிள்ளையின் பெரியப்பா. சம்பந்தம் பேசுகிற வீட்டை முன்கூட்டியே சொல்லாமல் வந்து பார்ப்பது வழக்கம். யாரும் தப்பு சொல்லமுடியாது. அவர் தம்பி ஒருவர் நெஞ்சு நோயில் போனவர். எங்கள் தெருக்களில் அந்த நோயின் பெயரைச் சொல்லமாட்டார்கள். 'அந்த இருமல்' என்பார்கள். தறிக்குழி ஈரத்தில் உட்கார்ந்து நெய்கிற ஊர்களில் அது எல்லா வீட்டு வாசலையும் தாண்டிப் போன விருந்தாளி. தம்பியின் எக்ஸ்ரேக்களைக் கையில் வைத்துக்கொண்டு ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக அலைந்த மனிதருக்கு ஒரு பாடம் தெரியும்: நெஞ்சில் வெள்ளை விழுந்தால் வியாதி. படத்தில் கறுப்பாக வருவது பிலிமில் வெள்ளையாக இருக்கும் அல்லவா? எங்கள் அரக்குச் சேலை அந்தத் துண்டில் கழுத்தில் இருந்து இடுப்பு வரை வெள்ளையாக விழுந்திருந்தது. அவர் கணக்கில் அத்தைக்கு நெஞ்சே பாக்கியில்லை. தெருமுனையில் விசாரித்திருக்கிறார். ஆமாம், இந்த வீட்டுப் பையன் வாராவாரம் எக்ஸ்ரே ரூமுக்குப் போய் வருகிறான் என்று தெரு உண்மையைச் சொல்லியிருக்கிறது.

தரகர் இன்னொன்றும் சொன்னார். ஆரணி மட்டுமில்லை, இது பரவிவிட்டால் வேறு எந்த ஊரிலும் பேசமுடியாது.

அப்பா கேமராவை எடுத்துக்கொண்டு நேராகக் கிணற்றுக்குப் போனார். சித்தப்பா தடுக்கவில்லை, தலையைக் குனிந்துகொண்டு நின்றார். அம்மா, நான்தானே சொன்னேன், நான்தானே சொன்னேன் என்று அழுதாள். அத்தைதான் ராட்டையை நிறுத்திவிட்டு எழுந்து வந்து, அப்பா கையில் இருந்து பெட்டியை வாங்கி என்னிடம் கொடுத்தாள்.

"எக்ஸ்ரே எடுத்தாங்கன்னுதான சொல்றாங்க. எடுத்துடலாம் வா" என்றாள் சித்தப்பாவைப் பார்த்து.

அப்பா பதறிப்போனார். நிஜமாகவே எடுத்தால், எடுத்தது தெரிந்தால், எவன் வருவான் என்றார்.

"இப்ப மட்டும் தெருக்கோடி வரைக்கும் க்யூவுல நிக்கிறாங்களாண்ணா?"



ஆஸ்பத்திரிக்கு நானும் போனேன். எக்ஸ்ரேக்காரர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, எடுத்துடலாம், ஆனா பிலிமு இல்லியே என்றார். புதுச் சரக்கு வரவில்லை. ஒடிந்த கைகளையே தடவிப் பார்த்து அனுப்பிக்கொண்டிருக்கிறார்களாம். பழைய பெட்டிதான் இருந்தது, அதை உன்னிடம் கொடுத்துவிட்டேனே, மிச்சம் ஏதாவது இருக்கிறதா என்றார்.

இருந்தது. வெட்டாத முழுத்தாள் ஒன்றே ஒன்று. அதை சித்தப்பா கருடசேவைக்கு என்று பத்திரப்படுத்தியிருந்தார். கேமராவைத் தூக்கி எறிந்துவிட்டு அந்த முழுத்தாள் கொள்கிற அளவுக்கு ஒரு மரப்பெட்டி தானே செய்து, குடையும் கூட்டமும் கோபுரமுமாக ஒரே படம், வாசல்கதவு அகலத்துக்கு எடுப்பேன் என்று என்னிடம் மட்டும் சொல்லியிருந்தார். மரப்பெட்டிக்குப் பலகைகூட அறுத்து வைத்தாயிற்று. நான் அவர் முகத்தைப் பார்த்தேன். அவர் என் முகத்தைப் பார்க்காமல் சைக்கிளை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போய், கறுப்புத் தாளில் சுற்றியதை மார்போடு அணைத்தபடி வந்து நீட்டினார். அந்த மனிதரைத் தறியில் உட்காரத் துப்பில்லாதவர் என்று வீடே சொல்லிக்கொண்டிருந்தது.

அத்தை சங்கிலியையும் தோட்டையும் கழற்றி என் கையில் கொடுத்தாள். ஊக்கையும் கழற்றணும்மா, இரும்பு எதுவும் இருக்கக்கூடாது என்றார் எக்ஸ்ரேக்காரர். அதெல்லாம் முடியாது என்று அத்தை முந்தானையை இழுத்துக்கொண்டாள். அவரும் வெட்கப்பட்டு விட்டுவிட்டார். என்னை வெளியே போகச் சொன்னார்கள்.

ஈரம் சொட்டச் சொட்ட எக்ஸ்ரேக்காரர் தாளை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். "நெஞ்சு கன்னங்கரேல்னு இருக்குதும்மா. ஒண்ணுமே இல்ல. அவ்ளோ கறுப்பு."

"என்னைக் கறுப்புன்னு சொல்லி சந்தோஷப்பட்ட மொத ஆளு நீங்கதாங்க" என்றாள் அத்தை.

தரகர் அதைக் கொண்டுபோக மறுத்துவிட்டார். பெண்ணின் எலும்பைக் கொண்டுபோய்ச் சம்பந்தம் பேசினதாக நாளைக்கு ஒரு பேச்சு வந்தால் என் தொழில் என்ன ஆவது என்றார். அதனால் சித்தப்பாவும் நானும் அதைச் சுருட்டி வேட்டியில் சுற்றி எடுத்துக்கொண்டு ஆரணிக்கு பஸ் ஏறினோம். என்னை எதற்குக் கூட்டிப்போனார் என்று அப்போது தெரியவில்லை. சின்னப் பெண் கூட இருந்தால் வாசலிலேயே துரத்த மாட்டார்கள் என்ற கணக்கு.

துரத்தவில்லை. ஆனால் உட்காரவும் சொல்லவில்லை. சித்தப்பா நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார்: கேமரா, ஸ்டுடியோ, தேதி போன பெட்டி, அரக்குச் சேலை. சொல்லச் சொல்ல எனக்கே அது பொய் மாதிரி இருந்தது. பெரியப்பா துண்டை வாயில் இருந்து எடுக்கவில்லை. மாப்பிள்ளையின் அப்பா தறிக்குழியில் இருந்து எழுந்திருக்கவில்லை. மாப்பிள்ளை மட்டும் வந்து சுருளை வாங்கி, தறிக்கு வெளிச்சம் வருகிற ஜன்னலில் விரித்துப் பிடித்தார்.

அப்போதுதான் நானே அதை ஒழுங்காகப் பார்த்தேன். நீல இருட்டில் அத்தையின் விலா எலும்புகள் வரிசையாக, இரண்டு பக்கமும். பார்ப்பதா கூடாதா என்று தெரியவில்லை; பார்த்துக்கொண்டே இருந்தேன். அப்பா நெய்கிற தறியில் இழைகளைப் பிரித்து வைத்திருக்குமே ஒரு சீப்பு, அச்சு, அது ஞாபகம் வந்தது. எனக்கு மட்டும் இல்லை.

"அச்சு மாதிரியே இருக்குதே" என்றார் தறிக்குழியில் இருந்தவர். "ஒரு பல்லு வளையல."

பெரியப்பா நெருங்கி வந்தார். அவர் விரல் படத்தின் மேல் மெதுவாக ஊர்ந்து, நடு நெஞ்சுக்குக் கொஞ்சம் மேலே நின்றது. "இது இன்னாது?"

வெள்ளை. மற்ற எல்லாவற்றையும்விடப் பளிச்சென்று, சின்னதாக ஒரு வெள்ளை. தறி நின்றது. சித்தப்பாவின் முகத்தில் இருந்து ரத்தம் இறங்கிப்போனது. அவர் அதுவரை அதைக் கவனிக்கவே இல்லை என்பது தெரிந்தது. பெரியப்பா அந்த இடத்தில் இருந்து விரலை எடுக்கவில்லை. இப்போது யோசித்தால், அவர் எங்கள் மேல் கோபமாக இல்லை. தம்பியின் படத்தைத்தான் மறுபடி பார்த்துக்கொண்டிருந்தார்.

மாதக்கணக்கில் இந்த பிலிம் எதை எப்படிப் பார்க்கும் என்று தவிர வேறொன்றும் யோசிக்காதவள் அந்த அறையில் நான் ஒருத்திதான்.

"அது ஊக்கு" என்றேன்.

எல்லோரும் திரும்பினார்கள்.

"அத்த ரவிக்கையில கொக்கி இல்ல. ஊக்குதான் குத்துவாங்க. தலைகீழாதான் குத்துவாங்க. எக்ஸ்ரேக்காரர் கழட்டச் சொன்னாரு. மாட்டேன்னுட்டாங்க."

மாப்பிள்ளை குனிந்து பார்த்தார். மூக்கு படத்தில் இடிக்கிற அளவுக்குக் கிட்டே போய்ப் பார்த்தார். தலை கீழே, வளையம் மேலே, ஊக்கின் முள்கூடத் தெரிந்தது. அவர் தோள் குலுங்க ஆரம்பித்தது. அழுகிறார் என்று நினைத்தேன்.

"ஊக்கு தலகீழா இருக்கறது கூட விழுந்துக்கிது பெரிப்பா. நோவு இருந்தா விழாமப் போயிடுமா?" என்றார். பிறகு சித்தப்பாவைப் பார்த்து, "ஏங்க, கழட்ட மாட்டேன்னு ஆஸ்பத்திரியிலயே சொல்லிட்டாங்களா?"

சொல்லிட்டாங்க என்றார் சித்தப்பா, மன்னிப்புக் கேட்கிற குரலில்.

பெரியப்பா துண்டை வாயில் இருந்து எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டார். உள்ளே திரும்பி, பாப்பாவுக்கு மோர் கொண்டு வாங்க என்றார்.

கல்யாணம் தை மாதத்தில் நடந்தது. ஸ்டுடியோக்காரர் பெரிய மனது பண்ணி அலமாரியைத் திறந்து ஒரு சுருளோடு வந்தார். அந்தச் சுருள் எத்தனை வருஷம் சாமிக்குப் பக்கத்தில் இருந்ததோ, கழுவினபோது ஒன்றும் இல்லை. கடைசிப் படத்தில் மட்டும் பந்தல் கால் ஒன்று மங்கலாக இருந்தது. ஆக, என் அத்தையின் கல்யாணப் படம் என்று ஆரணி வீட்டில் இருந்தது அந்த எக்ஸ்ரேதான். எனக்கு மாமா ஆகிவிட்ட மாப்பிள்ளை அதைத் தறி ஜன்னலில் ஒட்டிவைத்துவிட்டார், கண் கூசாமல் இருக்க என்று. வருகிறவர்கள் யாரென்று கேட்டால், பெண் பார்க்கப் போகாமலே உள்வரைக்கும் பார்த்தவன் நான் ஒருத்தன்தான் என்பார். அத்தை உள்ளேயிருந்து பாத்திரத்தை ஓங்கி வைப்பாள்.

சித்தப்பா அந்த மரப்பெட்டியைச் செய்யவே இல்லை. அறுத்த பலகையில் அம்மா முறுக்கு டின் வைக்க ஒரு ஸ்டாண்டு அடித்துக்கொண்டாள். சில வருஷத்தில் பிலிம் பெட்டிக்கடை வரைக்கும் வந்துவிட்டது. கிடைக்க ஆரம்பித்ததும் அவருக்குத் தேடுகிற சுகம் போய்விட்டது. கருடசேவை இன்றைக்கும் நடக்கிறது. ஆளுக்கொரு போனைத் தூக்கிப் பிடித்திருக்கிறார்கள். சாமி தெரிவதில்லை, போன்கள் தெரிகின்றன.

போன மாதம் அத்தைக்கு விடாமல் இருமல். ஆரணியில் இருந்து மாமாவோடு சென்னைக்கு வந்திருந்தாள். நான்தான் எக்ஸ்ரே எடுக்க ஸ்கேன் சென்டருக்குக் கூட்டிப்போனேன். உள்ளே இருந்தது சின்னப் பெண். இப்போது பிலிம் கிடையாது பாட்டி, எல்லாம் கம்ப்யூட்டரில் வந்துவிடும் என்றாள். அப்போ ஜன்னலில் எதை ஒட்டுவது என்று அத்தை கேட்டாள். அந்தப் பெண் என்னைப் பார்த்தது. நான் சுவரில் இருந்த நோட்டீஸைப் படித்தேன்.

சங்கிலி, தோடு எல்லாம் என் கைக்கு வந்தன. ரவிக்கையைப் பார்த்த அந்தப் பெண், அந்த ஊக்கையும் கழட்டிடுங்க பாட்டி, அது படத்தில் விழும் என்றாள்.

அத்தை முந்தானையை இழுத்துக்கொண்டாள். கண்ணாடிக் கதவுக்கு வெளியே மாமா பெஞ்சில் உட்கார்ந்து, இரண்டு கையையும் முழங்காலில் வைத்துக்கொண்டு, இந்தக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அது இல்லாம எடுத்தா, நான்னு அவுருக்கு எப்பிடிம்மா தெரியும்?" என்றாள்.